நார்பெர்ட் ஹுடாக் கைதட்டிய பதினொரு விநாடி

நார்பெர்ட் ஹுடாக் ஈவு இரக்கம் இல்லாத மனுஷன் என்று நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பதினொரு விநாடிப் படத்தை நாடே பார்த்துத் தொலைத்ததே! கீழே ஒரு ஆட்டக்காரன் தலையில் இடி விழுந்தவன் போல நிற்கிறான். மேலே மைதானத்தின் மலிவு டிக்கெட் வரிசையில் தொந்தியும் தொப்பியுமாக ஒரு கிழவர் எழுந்து நின்று கைதட்டுகிறார், சிரிக்கிறார், அட்டையைத் தூக்கி ஆட்டுகிறார். அந்தக் கிழவருக்குப் பக்கத்து இருக்கையில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்தவள் நான். அவரைப் பற்றிப் பேச யாருக்காவது தகுதி உண்டென்றால் எனக்குத்தான். தகுதி என்றா சொன்னேன், சரி, கடமை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் லுவெல்லா டாக்கெட். ஈரி ஏரிக்கரையில் இந்த ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இருபத்தெட்டு வருஷமாக வேலை. எனக்கு மூக்கு நுனியில் கோபம். பிள்ளைகள் பட்டாணியை ஒதுக்கினால்கூடச் சண்டைக்குப் போவேன். அதே பள்ளிக்கூடத்தில், கட்டடம் முழுக்கச் சூடு கொடுக்கிற பாய்லர் அறை நார்பெர்ட்டின் பொறுப்பு. குளிர்காலத்தில் பிள்ளைகள் தொலைத்துவிட்டுப் போகிற கையுறைகளை எல்லாம் பொறுக்கி, பாய்லர் குழாய் மேல் காயப் போட்டு, ஜோடி சேர்த்து, காலையில் வாசலில் நின்று வெறுங்கையோடு வருகிற பிள்ளைக்கு மாட்டிவிடுவார். மனைவி அரிசோனாவுக்குப் போய் இருபது வருஷம் ஆகிறது. "அவளுக்கு வெயில் பிடிக்கும், எனக்கு ஹெரான்ஸ் பிடிக்கும்" என்று அதை ஒரே வரியில் முடித்துவிடுவார்.

ஹெரான்ஸ்தான் எங்கள் ஊர் பேஸ்பால் அணி. அதைப் பற்றி என்ன சொல்ல, வயிற்றெரிச்சல். மூன்று வருஷம் தொடர்ந்து நூறு ஆட்டத்துக்கு மேல் தோற்ற அணி. "அணியைப் புதுசாகக் கட்டுகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று நிர்வாகம் ஒவ்வொரு வசந்தத்திலும் சொல்லும். புதுசாகக் கட்டுவது என்றால் வேறொன்றுமில்லை. நன்றாக ஆடுகிற மூத்த ஆட்டக்காரனை ஜெயிக்கிற அணி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டு, அவர்களிடமிருந்து பத்தொன்பது இருபது வயதுப் பொடியன்கள் மூன்று பேரை வாங்கிக்கொள்வது. அவர்கள் வளர்ந்து வந்து நம்மைக் கரையேற்றுவார்களாம். ஜூலை முடிந்தால் அந்த வியாபாரத்துக்குக் கதவு சாத்தியாகிவிடும். அதனால் ஜூலை முழுக்க எங்கள் வரிசையில் ஆட்டத்தை எவன் பார்த்தான்? யாரை விற்கலாம், யாரை வாங்கலாம் என்று கத்திக் கத்தித் தொண்டை வறண்டுபோகும்.

நார்பெர்ட் விற்கிற கட்சி. நான் விற்கக் கூடாது என்கிற கட்சி.

அந்த வருஷம் எல்லாச் சண்டையும் கோர்டெல் பீஸ்லியைப் பற்றித்தான். ஆட்டத்தில் முதல் தளம் என்கிற மூலையைக் காக்கிறவன். முப்பத்தாறு வயது, பன்னிரண்டு வருஷமாக எங்களோடு நாய்படாத பாடு படுகிறவன். மற்றவர்கள் தோற்றதும் குளிக்க ஓடுவார்கள். அவன் நின்று பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போவான். நார்பெர்ட் அவனைக் கொடுத்து வில்மர் ஆன்தூனெஸ் என்கிற பத்தொன்பது வயதுப் பந்து வீச்சுக்காரனை வாங்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். சனிக்கிழமை தோறும் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய் அந்தப் பையன் சின்ன மைதானத்தில் வீசுவதைப் பார்த்துவிட்டு வருவார். பார்த்துவிட்டு என்று சொல்கிறேன், கேட்டுவிட்டு என்பதுதான் சரி. அவருக்குக் கண்ணில் புரை. தூரத்தில் எல்லாம் பால் ஊற்றின மாதிரிதான் தெரியும். பந்து கையுறையில் விழுகிற சத்தத்தை வைத்தே பையன் தேறுவானா மாட்டானா என்று சொல்வார்.

புரை விஷயம் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். அறுவை சிகிச்சை செய்துகொண்டால் வேலை இடத்தில் காரணம் எழுதிக் கேட்பார்கள், கண் விஷயம் தெரிந்து வேலை போய்விடும் என்று அவருக்குப் பயம். பாய்லர் அவருக்குக் கையாலேயே தெரியும், முகத்தை அளவுமானிக்கு ஒட்டி வைத்து முள்ளைப் படிப்பார், ஒரு நாளும் தப்பு நடந்ததில்லை. மைதானத்தில் நான்தான் அவருக்குக் கண். பைனாகுலரை வைத்துக்கொண்டு நான் சொல்லச் சொல்ல அவர் ஆட்டம் பார்ப்பார். நானும் சும்மா சொல்வேனா, திட்டிக்கொண்டேதான் சொல்வேன்.

அந்தப் புதன்கிழமைப் பகல் ஆட்டத்துக்கும் அப்படித்தான் போனோம். கெடு முடிய ஒரு நாள் இருந்தது. கடலைத் தோலை உமிழ்ந்துகொண்டு அவர் ஆரம்பித்தார்.

"லூ, இன்னிக்கு இல்லேன்னா நாளைக்கு. பீஸ்லி போறான், வில்மர் வர்றான். எழுதி வெச்சுக்கோ."

"வந்து என்னய்யா கிழிக்கப் போறான்? போன தடவ இப்படித்தான் ஒருத்தன் வந்தான். நீ தலையில தூக்கி வெச்சு ஆடின. நாலே ஆட்டம், முழங்கையப் பிடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனான்."

"அது துரதிர்ஷ்டம்."

"அதுக்கு முன்னாடி வந்தவன்?"

"அவனும் துரதிர்ஷ்டம்தான்."

"அதுக்கும் முன்னாடி ஒருத்தன் நல்லா ஆடினானே, அவன் எங்க? நல்லா ஆடறான்னு அவனையும் வித்துட்டானுங்க! மனுஷா, இவனுங்க வீடு கட்டல. செங்கல்ல மாத்தி மாத்தி அடுக்கறானுங்க. நாம வெயில்ல நின்னு வேடிக்க பாக்கறோம்."

பின்வரிசையில் சிரித்தார்கள். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சரி தாயே, வெச்சுக்கோ உன் பீஸ்லிய. ரெண்டு வருஷத்துல அவனுக்கு முட்டி தேஞ்சு நடக்க முடியாம போவான். அப்பவும் ஜெயிச்சிருக்க மாட்டோம். அவனாவது போய் ஜெயிக்கிற எடத்துல ஒரு கோப்பைய தொட்டுப் பாக்கட்டுமே? அவனுக்கு நல்லதுக்குத்தான் நான் சொல்றேன்."

"அவன் சம்மதம் இல்லாம அனுப்ப முடியாதுல்ல? பத்து வருஷம் ஆடி, அதுல கடைசி அஞ்சு வருஷம் ஒரே அணில இருந்தவன் மாட்டேன்னு சொல்லலாம். சொல்லுவான் பாரு. எங்க பீஸ்லி எங்களை விட்டுப் போக மாட்டான்."

"எங்க பீஸ்லியாம்! நீயா பெத்த?"

"பெத்திருந்தா உன்ன மாதிரி ஆளுங்க கண்ணுல படாம வளத்திருப்பேன்."

மடியில் அட்டையை வைத்துக்கொண்டு அவர் குலுங்கிச் சிரித்தார். பீட்சா பெட்டி மூடியைக் கிழித்துச் செய்த அட்டை. 'பீஸ்லியைக் கொடு, வில்மரை வாங்கு' என்று தடித்த எழுத்தில் எழுதியிருந்தார். ஜூலை வந்தால் ஒவ்வொரு வருஷமும் ஒரு அட்டை எழுதுவார், பெயர்கள் மட்டும் மாறும்.

ஆறாவது சுற்று. பீஸ்லி மட்டையோடு இறங்கித் தயாராக நிற்கிறான். ஆட்டக்காரர்கள் உட்காருகிற கொட்டகையிலிருந்து பயிற்சியாளர் வெளியே வந்து அவன் தோளில் கையைப் போட்டு உள்ளே கூட்டிப் போனார். அவனுக்குப் பதில் வேறொருவன் மட்டையோடு வந்தான். பைனாகுலரைக் கொட்டகைப் பக்கம் திருப்பினேன். வரிசையாக ஒவ்வொருத்தராக வந்து பீஸ்லியைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூலைக் கடைசியில் ஆட்டத்தின் நடுவே ஒருவனை உள்ளே கூப்பிட்டு, கூட ஆடுகிறவர்கள் கட்டிப் பிடித்தால், எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும் அதற்கு என்ன அர்த்தம் என்று. விற்றாகிவிட்டது, பெட்டியைக் கட்டு. வேறு எதற்காகவும் மனுஷர்கள் கட்டிப் பிடிப்பார்கள் என்று அந்த வாரத்தில் எங்களுக்குத் தோன்றாது.

"என்ன லூ? என்ன நடக்குது? ஏன் வேற ஆள் வர்றான்?"

"கட்டிப் பிடிக்கறாங்க."

"யார?"

"யாராம்! பீஸ்லியத்தான். போய்ட்டான் உன் பீஸ்லி. சந்தோஷமா?"

அவர் எழுந்து நின்றார். "சம்மதிச்சுட்டான்! சம்மதிச்சுட்டான் லூ!" என்றார். தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டினார். "நல்லா போய்ட்டு வா ராசா! போய் ஜெயிச்சுட்டு வா!" என்று கத்தினார். அட்டையைத் தூக்கி ஆட்டினார். எங்கள் வரிசை, முன்வரிசை, பின்வரிசை எல்லாரும் எழுந்து தட்டினோம். நானும்தான் தட்டினேன், பொய் சொல்வானேன். பன்னிரண்டு வருஷம் ஆடினவனை வழியனுப்புகிற கைதட்டு அது. ஆனால் தொலைக்காட்சிக்காரனுக்கு அத்தனை பேரில் அட்டை வைத்திருந்தவர் ஒருவர்தான் கண்ணில் பட்டார்.

சாயங்காலம் செய்தியில் சொன்னார்கள். பீஸ்லியை யாரும் விற்கவில்லை. அவன் மனைவிக்கு ஏழாவது மாதம். மத்தியானம் திடீரென்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் குழந்தை தங்கவில்லை. ஆட்டத்தின் நடுவில் அவனைக் கூப்பிட்டுச் சொன்னது அதைத்தான்.

அதற்குள் படம் ஊரெங்கும் போய்விட்டது. ஒரு பக்கம் பீஸ்லியைக் கட்டிப் பிடிக்கிறார்கள், மறு பக்கம் நார்பெர்ட் கைதட்டிச் சிரிக்கிறார். சத்தம் இல்லாத படம். அவர் 'போய் ஜெயிச்சுட்டு வா' என்று வாயசைத்ததற்குக் கீழே யாரோ ஒரு படுபாவி 'போ, ஒழி' என்று எழுத்துப் போட்டிருந்தான். மூன்றாம் நாள் அவர் பெயர், தெரு, வேலை செய்கிற பள்ளிக்கூடம் எல்லாம் வெளியே வந்தன. அவர் வீட்டுக் கதவில் குழந்தைச் சட்டை ஒன்றை ஆணியடித்துவிட்டுப் போனார்கள். முன்பின் தெரியாத பெண்கள் போனில் அழுதார்கள், சபித்தார்கள். அவர் ஒவ்வொரு போனையும் எடுத்தார். "எடுக்காதய்யா" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். "திட்டட்டும் லூ. அவங்களுக்கும் குழந்த போயிருக்கும்" என்றார்.

பீஸ்லிக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தார். நான் போகிற நாளெல்லாம் அந்தக் கடிதம் முதல் வரியிலேயே நின்றது. அவர் உடம்பு பாதியாகிவிட்டது. ரேடியோவில் ஆட்டத்தை வைக்கவில்லை. வில்மரை வேறு ஒரு அணி வாங்கிக்கொண்டது என்று சொன்னேன். "ம்" என்றார், அவ்வளவுதான்.

நான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேளுங்கள். கேட்கத்தான் வேண்டும். செய்தியாளர்கள் எங்கள் வரிசை ஆட்களைத் தேடினார்கள். 'அவருக்குத் தெரியாது, நான்தான் தப்பாகச் சொன்னேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதி நெருப்பு என் பக்கம் திரும்பியிருக்கும். எனக்கும் அதே பள்ளிக்கூடம், பென்ஷனுக்கு இன்னும் இரண்டு வருஷம். அவருக்குச் சூப் கொண்டுபோய்க் கொடுத்தேன், கதவிலிருந்த ஆணியைப் பிடுங்கினேன், வாயை மட்டும் திறக்கவில்லை. பட்டாணிக்குச் சண்டை போடுகிற வாய்!

ஆகஸ்ட் மூன்றாவது வாரம் பள்ளி நிர்வாகக் குழு கூடியது. பிள்ளைகள் இருக்கிற இடத்தில் இப்படி ஒரு ஆள் வேண்டாம் என்று பெற்றோர் ஐந்நூறு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வேலை போனால் அவருக்கு வேறு எதுவும் இல்லை. ஹெரான்ஸ் ஏற்கெனவே போய்விட்டது. அந்தப் பாய்லரும் வாசலில் வந்து நிற்கிற பிள்ளைகளும்தான் மிச்சம்.

பள்ளி நூலகத்தில் கூட்டம். பேச விரும்புகிறவர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிஷம். முதலில் பேசியவர்கள் கொதித்தார்கள். அப்புறம் ஒரு தாய் எழுந்து, "என் மக கையுறையத் தொலைச்சுட்டு அழுதுக்கிட்டு நின்னப்ப இவரு காய வெச்சு மாட்டிவிட்டாரு. அந்தப் படத்துல இருக்கற ஆள எனக்குத் தெரியாது. இவர எனக்குத் தெரியும்" என்றாள். இன்னொருவர் ஆமாம் என்றார். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த தலைவி அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "எச்சரிக்கை கடிதத்தோட விட்டுடலாமா?" என்று அவர் பக்கத்திலிருந்தவர் கேட்டது எங்கள் வரிசை வரை கேட்டது.

அங்கேயே நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். மூன்று வாரம் மூடியவள் இன்னும் பத்து நிமிஷம் மூடியிருக்கலாம். ஆனால் அந்தத் தாய் பேசியதும் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்து ஒலிபெருக்கி முன்னால் போனேன்.

"அவர் மேல தப்பே இல்ல" என்றேன். "கட்டிப் பிடிக்கறாங்க, வித்துட்டாங்கன்னு அவர்கிட்ட சொன்னது நான். அவரு எதையும் பாக்கல. அவருக்கு அவ்வளவு தூரம் தெரியாது. நான்தான் அவருக்குக் கண்ணு."

நார்பெர்ட் முன்வரிசையிலிருந்து திரும்பி, "லூ, உக்காரு" என்றார். நான் உட்காரவில்லை.

ஓரத்தில் இருந்த உறுப்பினர், மென்மையான குரல்காரர், "தெரியாதுன்னா, எப்படிம்மா?" என்றார்.

"புரைங்க. ரெண்டு கண்ணுலயும்."

"எத்தன நாளா?"

"மூணு வருஷம், நாலு வருஷமா..." என்று சொல்லும்போதே என்ன செய்துவிட்டேன் என்று எனக்குப் புரிந்தது.

"மேல நானூறு பிள்ளைங்க இருக்காங்க. கீழ பாய்லர இவரா பாக்கறாரு?"

யாரும் கோபப்படவில்லை. அதுதான் கொடுமை. கோபமாக இருந்தவர்களுக்கு ஒரு நியாயமான காரணம் கிடைத்துவிட்டது, அவர்கள் குரலெல்லாம் தணிந்துபோனது. நார்பெர்ட் எழுந்து, "அவ எனக்காகச் சும்மா சொல்றா. எனக்கு எல்லாம் நல்லாத் தெரியும்" என்றார். அந்த உறுப்பினர் தயக்கத்தோடு எதிர்ச் சுவரைக் காட்டினார். "அங்க என்ன எழுதியிருக்குன்னு படிங்க, போதும்."

பிள்ளைகளுக்கு நல்வரவு சொல்லி ஒரு அடி உயர எழுத்தில் துணி கட்டியிருந்தது. நார்பெர்ட் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு இன்னும் பார்த்தார். "ஹெரான்ஸ் வாழ்க" என்றார். யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். ஒருவரும் சிரிக்கவில்லை.

குழுவில் ஏழு பேரும் அவரை நீக்கவே கையைத் தூக்கினார்கள். ஒரு கை எதிராக எழவில்லை. நீ ஏன் இத்தனை நாள் மறைத்தாய் என்று என்னை யாரும் கேட்கவில்லை. என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவரை வீட்டுக்கு என் காரில்தான் கூட்டிப் போனேன். வழியெல்லாம் நானே புலம்பினேன். "திட்டுய்யா. வாயத் தொறந்து திட்டு. பேச வேண்டிய நாள்ல பேசாம, பேசக் கூடாத நாள்ல பேசித் தொலச்சேன்."

"விடு லூ. அவங்க சொன்னதும் சரிதானே. நானூறு பிள்ளைங்க" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "ஒண்ணு கேக்கணும்" என்றார்.

"கேளு."

"அன்னிக்கு பீஸ்லி எப்படி இருந்தான்? அந்தப் படத்த எத்தனையோ பேர் கொண்டுவந்து என் மூஞ்சிக்கு முன்னால காட்டினாங்க. எனக்கு ஒண்ணும் தெரியல. நீ பைனாகுலர் வெச்சுப் பாத்தேல்ல, அவன் முகம் எப்படி இருந்துச்சு?"

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். இந்த ஒன்றை நான் யாரிடமும் சொல்லவில்லை, அந்த ஒலிபெருக்கியிலும் சொல்லவில்லை.

"அழுதான்" என்றேன். "முட்டி மடங்கி உக்காந்துட்டான். தூக்கி நிறுத்தினாங்க. மூஞ்ச மூடிக்கிட்டு அப்படி அழுதான்."

"உனக்கு என்ன தோணுச்சு?"

"நம்மள விட்டுப் பிரியறதுக்குத்தான் அழறான்னு நெனச்சேன், நார்பெர்ட். பாத்தியா, எங்க பீஸ்லிக்குப் போக மனசில்லன்னு, சத்தியமா, எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக்கூட இருந்துச்சு. உங்கிட்ட சொன்னா நீ கேலி பண்ணுவேன்னு சொல்லல."

அவர் கார் ஜன்னலுக்கு வெளியே முகத்தைத் திருப்பினார். அங்கே அவருக்கு என்ன தெரிந்திருக்கும்? பிறகு என்னைத் திட்டுகிற குரலே இல்லாமல், ஆட்டத்தில் ஒரு சந்தேகம் கேட்கிற மாதிரித்தான் சொன்னார்.

"கட்டிப் பிடிக்கறாங்கன்னு மட்டும்தானே சொன்ன, லூ. அழறான்னு சொல்லியிருந்தா நான் கை தட்டியிருக்க மாட்டேனே."